நான் கட்டிய துணி மூட்டை

சிவகாசியில் நான் ஸ்டோர் பொறுப்பில் இருக்கும் காலண்டர் அச்சகத்தின் வாசலில் ஒரு தகரப் பெட்டி உண்டு. உள்ளே வருகிற எவரும் தீப்பெட்டியையும் பீடியையும் அதில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். முதலாளி முன்பு பட்டாசுக் கம்பெனி நடத்தியவர்; அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் தீ என்றால் பொறி. பொறியைத் தள்ளி வைத்தால் போதும் என்று நானும் நம்பியிருந்தேன்.

அதனால், ஒரு சனிக்கிழமை மாலை மூன்றரை மணிக்குத் தாள் கிடங்கின் மூலையில் ஒரு சாக்கு புகைந்து எரிந்தபோது, எல்லோரும் வாட்ச்மேனைத்தான் பார்த்தார்கள். பீடி குடிப்பவர் அவர் ஒருவர்தான். தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டோம். கொஞ்சம் தாள் கருகியதோடு போயிற்று.

"திங்கக்கிழமை நீ வர வேண்டாம்யா," என்றார் முதலாளி.

"நான் பீடி குடிச்சது வெளிய வேப்ப மரத்தடியில முதலாளி."

"அப்ப சாக்கு தானா பத்திக்கிச்சாக்கும்?"

நான் வீட்டுக்குக் கிளம்பும்போது வாட்ச்மேன் என்னை வாசலில் நிறுத்திக் கேட்டார்: "தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில நான் மருந்து கலந்தப்ப, மிஞ்சினத வச்சிருக்கவே விடமாட்டாக. ஈரம் பட்டா தானா சூடேறும். அந்தச் சாக்குல என்னத்த வச்சிருந்தீக அண்ணாச்சி?"

வீட்டுக்குப் போய் டைரியைத் திறந்தேன். என் கையெழுத்தில் இருந்தது: 'காலை 10.10. ஆபீஸ் கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசி முடிந்தது. தேய்த்த பனியன் வேஸ்ட் துணி சிதறிக் கிடந்தது. பொறுக்கி, அழுத்தி, சாக்கில் கட்டி, தாள் கிடங்கில் வெயில் படாத மூலையில் வைத்தேன்.' எழுதியபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்திருக்கும்.

மறுநாள், சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அச்சகத்துக்குப் போனேன். மிச்சமிருந்த எண்ணெயில் துணிகளை நனைத்தேன். பாதியைக் கொடியில் விரித்துப் போட்டேன். மீதியை அழுத்திக் கட்டி, பின்பக்கம் வெயில் படாத வெற்றுத் தரையில் ஒரு வாளிக்குள் வைத்து, தாள் கிடங்கின் வெப்பமானியை நடுவில் செருகினேன். பக்கத்தில் மணலும் தண்ணீரும். வாட்ச்மேன் நிழலில் உட்கார்ந்துகொண்டார். முதலாளிக்கும் போன் செய்தேன்.

"கோயிலுக்குப் போயிட்டு வந்து துணிக்குக் காய்ச்சல் பாக்கிறீகளா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

பதினொரு மணிக்கு 37 டிகிரி. பன்னிரண்டுக்கு 39. ஒரு மணிக்கு 46. வெளியே நிழலில், ஆபீஸ் வெப்பமானியில், 36தான். ஒன்றரைக்கு முள், வெப்பமானியின் கடைசிக் கோடான ஐம்பதைத் தொட்டு நின்றது. அதற்கு மேல் எழுத என்னிடம் எண் இல்லை. கருவியை வெளியே எடுத்துவிட்டு, வாசனையை எழுதினேன்: பழைய சட்டியில் எண்ணெய் காய்ந்த மாதிரி. இரண்டே காலுக்கு மூட்டையின் இடுக்கிலிருந்து நூல் போலப் புகை வந்தது. கொடியில் கிடந்த துணிகள் ஓரத்தில் லேசாக விறைக்கத் தொடங்கியிருந்தன; தொட்டால் சூடே இல்லை.

காலி எண்ணெய் டின்னின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில், துணிகளைக் குவித்து வைக்காதீர்கள் என்று போட்டிருந்தது. இந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றோடு சேர்ந்து இறுகுகிறது. இறுகும்போது சூடு பிறக்கும். விரித்துப் போட்டால் சூடு போய்விடும். கட்டி வைத்தால் உள்ளேயே சேரும். எண்ணெய் தீர்ந்த தேதியை எழுதி வைக்கும் நான் இதைப் படித்ததே இல்லை.

முதலாளி புகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து கட்டி வச்சது யாரு?"

"நான்தான்," என்றேன். டைரியை நீட்டினேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு, வாட்ச்மேன் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நாளைக்கு நேரத்தோட வந்திருய்யா."

வாட்ச்மேன் வாளியில் தண்ணீரைக் கவிழ்த்தார். 'உஸ்' என்றது.

இப்போது வாசலில் தகரப் பெட்டிக்குப் பக்கத்தில், தண்ணீர் நிறைந்த, மூடி போட்ட இரும்பு டிரம் ஒன்றும் இருக்கிறது, எண்ணெய்த் துணிகளுக்காக. மாலையில் கிளம்பும்போது என்னை மட்டும் வாட்ச்மேன் நிறுத்துவார்.

"கையில துணி எதுவும் இல்லையே அண்ணாச்சி?"

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் போகிறேன்.