மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம்

"கொட்டகையில கத்தற வம்சம்டி நீ, காலேஜுக்குப் போய் என்னத்தக் கிழிக்கப் போற?" என்று அத்தை ஒருமுறை கேட்டாள்.

நேற்று கல்லூரி மேடையில் கேஸ் விளக்கு ஏற்றியபோது, அந்த வாடையில், இடித்துத் தள்ளப்பட்ட எங்கள் மைசூர்த் தகர நாடகக் கொட்டகை திரும்பி வந்தது: நசுங்கிய மல்லிகை, வெற்றிலை எச்சில், பெண்களைப் பிரித்து மறைக்கும் மூங்கில் தட்டி. செத்து விழுந்த ராஜாவை எங்கள் கூட்டம் "ஒன்ஸ்மோர்" என்று கத்தி எழுப்பும். அவர் எழுந்து அதே பாட்டைப் பாடி மறுபடி சாவார். "பேடா, பேடா", வேண்டாம் வேண்டாம் என்று கன்னடத்தில் எதிர்த்துக் கத்தும் கூட்டத்திலிருந்து ஒருநாள் சோடா பாட்டில் பறந்து வந்து ராஜாவின் நெற்றியைப் பிளந்தது. வீட்டில் குரலே உயர்த்தாத அம்மா, தட்டியைப் பிய்த்துக்கொண்டு போய், வீசியவன் மண்டையில் பித்தளை வெற்றிலைப் பெட்டியால் அடித்தாள். "எங்க ராஜாடா அவரு! பாடட்டும் விடுடா!" பெஞ்சுகள் உடைந்தன, பற்கள் உடைந்தன. முகமெல்லாம் ரத்தம் வழிய ராஜா பாடி முடித்துத்தான் செத்தார்.

இந்த வருஷக் கல்லூரி நாடகத்தில் ராஜா வேஷத்துக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

"யாராவது எதையாவது வீசினா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

அன்று நசுங்கிய வெற்றிலைப் பெட்டியைப் புளி போட்டுத் துலக்கியபடி, "நீ பாடு, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

முன்வரிசையில் அவளுக்கு இடம் சொல்லிவிட்டேன்.