பதினொரு கிலோ படகு

பதினெட்டு கிலோ அரிசியைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கரியமாணிக்கத்தில் பேருந்து ஏறினாள் ஆரோக்கியசெல்வி. பாகூரில் இறங்கி ஏரிக்கரை வரை நடந்தாள். மூட்டையை இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு அதே மூட்டையோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

எதையும் வாங்குமுன் அதோடு வாழ்ந்து பார்ப்பது அவள் வழக்கம். கட்டில் வாங்குமுன் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, மூன்று நாள் அதற்குள்ளேயே படுத்தாள். ஃப்ரிட்ஜுக்காக ஒரு காலி அட்டைப்பெட்டியைச் சமையலறையில் நிறுத்தி, ஒரு வாரம் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். இந்த முறை அவள் வாங்கப்போவது கயாக், ஒற்றை ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் சின்னப் படகு.

வயது நாற்பத்து மூன்று. ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்கச் சட்டைத் தையலை இழுத்துப் பார்க்கிற விரல்கள். போன வருடம் கம்பெனி டூரில் படகுச் சவாரி போனபோது, ஒரே ஒரு தடவை துடுப்பைக் கேட்டாள். படகுக்காரர் சிரித்துவிட்டு, சும்மா உட்காரச் சொன்னார். அன்றிலிருந்து அவள் செல்போனில் கயாக் படங்கள்தான். படத்தைப் பெரிதாக்கி, ஓரங்களை எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பாள்.

இரண்டு வகையில் மனது நின்றது. மடக்குகிற படகு பத்து நிமிடத்தில் விரியும், கெட்டி. ஆனால் பதினெட்டு கிலோ. காற்றடிக்கிற படகு பதினொரு கிலோதான், சுருட்டினால் முதுகுப் பைக்குள் அடங்கிவிடும். அதற்கு முள் பயம்.

பிக்கப் வேன் ஓட்டும் கணவன் அன்புராஜ் மடக்குப் படகின் பக்கம். "காத்தடிக்கிறது முள்ளு குத்துனா புஸ்ஸுனு பூடும். கெட்டியா வாங்குடி. நான் வண்டில போட்டு எடுத்தாந்து வுடுறேன்."

அக்கறையாகத்தான் சொன்னான். செல்வி சிவந்த தோளைத் தேய்த்துக்கொண்டே, "நீ எடுத்தாந்து வுடணும்னா உன் லீவப் பாக்கணும், உன் மூடப் பாக்கணும். நான் எப்ப ஏரிக்குப் போறது?" என்றாள். அவன் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுவாரம் சாக்கில் பதினொரு கிலோ. கரையில் இறக்கியபோது மூச்சு வாங்கவில்லை. அங்கே நின்றபடியே ஆர்டர் போட்டாள்.

வந்து சேர்ந்த அன்று ஆசை தாங்காமல் அறைக்குள்ளேயே முழுக்கக் காற்றடித்துவிட்டாள். ஊதிய படகு வாசல் வழியாக வெளியே வரவில்லை. சரி, இருக்கட்டும் என்று சோப்பு நுரையை எல்லா ஓரத்திலும் பூசி, குமிழி கிளம்புகிறதா என்று குனிந்து பார்த்தாள். ஒன்றுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பையை முதுகில் மாட்டிப் பேருந்து ஏறினாள். சும்மா வருவதாகச் சொல்லி அன்புராஜும் கூட ஏறினான். சட்டைப் பையில் பஞ்சர் பசை. மீன் குத்தகைக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள். கரையில் இறங்கியதும் கொண்டுபோன விளக்குமாற்றால் கருவேல முள்ளையெல்லாம் ஒதுக்கிப் பெருக்கத் தொடங்கினாள்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த முத்துசாமிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னாக்கா, ஏரிக்கு வாசல் பெருக்குறியா?"

"ஆமாண்டா. மொத தடவ போறேனில்ல."

இருநூறு தடவை பம்பை அழுத்தினாள். லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்து, அதன் தையலையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். படகு முதலில் செக்குமாடு போல இரண்டு சுற்று சுற்றியது. கரையில் வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது இழுப்பில் மூக்கு நேரானது. அதன்பின் வலம், இடம், வலம், இடம் என்று தண்ணீரை அளந்துகொண்டே போனாள். நீர்க்காகங்கள் எழுந்து வழிவிட்டன. எதிர்க்கரை மதகை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத் திரும்பினாள். சிரித்தவர்கள் இப்போது விசில் அடித்தார்கள்.

அன்புராஜ் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கையை நீட்டினான். "போதும் செல்வி, கைய குடு."

விரல் எட்டும் தூரம் வரை வந்தாள். துடுப்பின் நுனியைச் சேற்றில் ஊன்றி, மறுபடி ஏரிக்குள் ஒரு தள்ளுத் தள்ளினாள்.