நாலு நிமிடம் நிற்கும் காவலாளி

இது கும்மிடிப்பூண்டியில் எட்வர்டுக்கு நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். கதை கட்டுகிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். ஒரு வரி விடாமல் போலீசில் வாக்குமூலமாகச் சொல்லி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறான்.

எட்வர்டுக்கு வயது இருபத்தொன்பது. சிப்காட்டில் ஒரு கேபிள் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே மாடியில் தனி ரூம். லீவு நாள் என்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவான். அவனுக்குப் பிடித்தது ஒரே வகை கேம்தான். அதில் நீங்கள் ஓர் ஒற்றன். எதிரியின் இடத்துக்குள் சத்தமில்லாமல் நுழைய வேண்டும். காவலாளிகள் எந்த வழியாக நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எப்போது திரும்புகிறார்கள் என்று பதுங்கியிருந்து நோட்டம் பார்க்க வேண்டும். பிறகு முதுகுப் பக்கமாகப் போக வேண்டும். காவலாளியின் தலைக்கு மேல் மஞ்சள் புள்ளி எரியும். அந்த நேரத்தில் பட்டனை அமுக்கினால் ஆள் சுருண்டு விழுவான்.

அன்றைக்கு 2.10க்கு ஹெட்போனை மாட்டினான். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். துறைமுகக் கிடங்குக் கட்டம். ஏற்கெனவே நாலு தடவை முடித்ததுதான். மொத்தம் ஆறு காவலாளிகள். யார் எங்கே திரும்புவான் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

2.22க்கு ஏழாவதாக ஒருவன் வந்தான்.

மற்றவர்கள் விறைப்பாக நடந்தார்கள். இவன் இடது காலை இழுத்து இழுத்து நடந்தான். புது அப்டேட்டாக இருக்கும் என்று நினைத்தான் எட்வர்ட். பீப்பாய்க்குப் பின்னால் பதுங்கிக் கவனித்தான். அந்த ஆள் சுவர் ஓரம் போய் நின்றான். குனிந்தான். பூட்ஸைக் கழற்றினான். முட்டியைத் தேய்க்க ஆரம்பித்தான்.

மவுஸ் மேல் இருந்த கை அப்படியே நின்றது.

அப்படி முட்டி தேய்க்கும் ஒருவரை எட்வர்டுக்குத் தெரியும்.

வீரராகவன். கம்பெனி செக்யூரிட்டி. பெரியபாளையம் பக்கத்து ஆரணிக்காரர், ஐம்பத்தெட்டு வயது. காலையில் யார் வந்தாலும் "நாஷ்டா ஆச்சா நைனா?" என்று கேட்டுவிட்டுத்தான் கேட்டைத் திறப்பார். நைட் டியூட்டியில் சுற்றி வரும்போது, பம்ப் ரூம் வந்ததும் கால் வலி தாங்காது. ஷூவைக் கழற்றிவிட்டு, சுவரைப் பார்த்தபடி நாலு நிமிடம் நிற்பார்.

ஒரு வாரம் ஸ்டோர்ஸ் ஜன்னலில் நின்று இதைக் கவனித்தவன் எட்வர்ட். குட்டியானை லோடு வண்டி ஓட்டும் லோகுவிடம் சொன்னவனும் அவன்தான்.

"பம்ப் ரூமாண்ட நாலு நிமிஷம் நிப்பாரு மச்சான். முதுகு காட்டிக்கினு நிப்பாரு. அந்த கேப்ல காப்பர தூக்கிடலாம்."

தூக்கினார்கள். ஆனால் அன்றைக்கு வீரராகவனுக்கு ஏதோ சத்தம் கேட்டுவிட்டது. திரும்பத் தொடங்கினார். திரும்பி முடிப்பதற்குள் லோகுவின் கையில் இருந்த இரும்புக் கம்பி பின்மண்டையில் இறங்கியது. ஒரே அடி. மழையில் வழுக்கி விழுந்தார் என்று கேஸ் முடிந்தது. சாவுக்கு எட்வர்டும் போய் மாலை போட்டுவிட்டு வந்தான். மூன்று மாதம் ஆகிறது. காப்பர் விற்ற காசில் வாங்கியதுதான் இந்தக் கம்ப்யூட்டர்.

2.29. கேமை மூடப் பார்த்தான். மூடவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். யுபிஎஸ் பீப்... பீப்... என்று கத்தியது. திரை அணையவில்லை.

மற்ற ஆறு காவலாளிகளையும் காணவில்லை. சுவர் ஓரம் அந்த ஒருவன் மட்டும். தலைக்கு மேல் மஞ்சள் புள்ளி எரிந்தது. அடி, இப்போது அடி என்பதுபோல.

எட்வர்ட் பட்டனைத் தொடவில்லை.

அந்த கேமில் பேச்செல்லாம் இங்கிலீஷ்தான். ஹெட்போனில் தமிழ் கேட்டது.

"நாஷ்டா ஆச்சா நைனா?"

2.33. சுவர் ஓரம் யாரும் இல்லை.

டப்... சர்ர்... டப்... சர்ர்... காலை இழுக்கும் சத்தம். முதலில் இடது காதில். பிறகு பின்னால்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தான்.

சத்தம் நிற்கவில்லை.

டப்... சர்ர்... மாடிப்படியில்.

டப்... சர்ர்... கதவுக்கு வெளியே.

கதவுக்கு இந்தப் பக்கம்.

திரும்பிப் பார்க்க முயன்றான். கழுத்து வரவில்லை.

திரையில் கிடங்கு மறைந்து ஒரு சின்ன அறை வந்திருந்தது. நீல பனியன் போட்ட ஒருவன் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் ஒரு கம்ப்யூட்டர்.

எட்வர்ட் கண்ணை மட்டும் தாழ்த்தித் தன் பனியனைப் பார்த்தான்.

நீலம்.

திரையில் இருந்தவனின் தலைக்கு மேல் மஞ்சள் புள்ளி எரிந்தது.

2.35. முதுகுக்குப் பின்னால் யாரோ ஷூவைக் கழற்றினார்கள். தோல் கரகரவென்று தேயும் சத்தம்...

"நா அடிக்கல... லோகுதான் அடிச்சான்... சத்தியமா நா அடிக்கல..."

காதோரம் மூச்சு பட்டது. ஈரமாக.

"முதுக காட்டிக் குடுத்தது நீதானடா."

2.36...

2.37.

நாலு நிமிடம்.

அவன் கண் விழித்தபோது மணி 6.10. தரையில் கிடந்தான். பின்மண்டை வீங்கி, தலைமுடி ரத்தத்தில் ஒட்டியிருந்தது. தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருந்தது. கம்ப்யூட்டர் அதற்குப் பிறகு உயிர் பெறவே இல்லை. லோகுவுக்குப் போன் போட்டான். ஸ்விட்ச் ஆஃப். பத்துத் தடவை போட்டான். ஸ்விட்ச் ஆஃப்.

விடிந்ததும் பஸ் பிடித்து, பெரியபாளையத்தில் மாறி, ஆரணி போய் இறங்கினான். வீரராகவனின் மனைவி கெங்கம்மாள் தெருக்குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் குழாயை மூடினாள்.

"எட்வர்டா? வா. நீ வருவேன்னு தெரியும்."

"எப்டிம்மா தெரியும்?"

"லோகு சொன்னான். நேத்து மத்தியானம் மூணு மணிக்கு ஊட்டுக்கு வந்தான். தல மேல துணிய போட்டுக்கினு ஒக்காந்தான். தண்ணி குடுத்தேன், தொடல. நீ நோட்டம் பாத்தது, அவன் அடிச்சது, அல்லாத்தையும் சொல்லிட்டு அழுதுக்கினே போனான்."

எட்வர்ட் நடுத்தெருவில் அவள் காலில் விழுந்தான். "மன்னிச்சிடும்மா..."

கெங்கம்மாள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட அது இல்ல. அவருகிட்டயும் இல்ல. இப்பிடியே போலீசுக்குப் போ. போவலன்னா இன்னிக்கும் வருவாரு. நாளிக்கும் வருவாரு. நாந்தான் டெய்லி வெளக்கேத்தி அனுப்பிக்கினு கீறேன்."

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனான். எல்லாவற்றையும் சொன்னான். லோகுவைப் பிடிக்க வேண்டும், அடையாளம் சொல் என்றார் ஏட்டு. ஒல்லியான ஆள், வலது கையில் தேள் பச்சை குத்தியிருப்பான் என்றான் எட்வர்ட்.

ஏட்டு எழுதுவதை நிறுத்தினார். பிறகு போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினார்.

"இவனா பாரு."

"இவன்தான் சார்."

"நேத்து மூணு மணிக்கு அந்தம்மா ஊட்டுக்கு இவனா வந்தான்?"

"அந்தம்மா அப்டித்தான் சொன்னாங்க சார்."

ஏட்டு எழுந்து போய் இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

போட்டோவில் இருந்த அந்த உடல் ஆற்றுப் பாலத்துக்குக் கீழே கிடைத்தது போன வியாழக்கிழமை காலையில். பின்மண்டையில் ஒரே அடி. பாக்கெட்டில் ஒரு சீட்டுகூட இல்லை. தேடி யாரும் வராததால் பிணவறையில் வைத்திருந்தார்கள். கெங்கம்மாள் வீட்டில் லோகு உட்கார்ந்து அழுதபோது, அவன் உடல் அங்கே பூட்டிய பெட்டிக்குள் நாலாவது நாளாகக் கிடந்தது.