கெஸியா ப்ளூரும் நாதன் பூட்டின் கூஜாவும்

கெஸியா ப்ளூருக்கு எட்டு வயதில் கையில் தட்டைக் கொடுத்தார்கள். நாற்பத்தாறு வயதிலும் தட்டு கையை விட்டு இறங்கவில்லை. மெல்லிய தாளில் அச்சிட்ட நீலப் படத்தை, ஒருமுறை சுட்ட தட்டின்மேல் ஒட்டி, கட்டைத் தூரிகையால் அழுத்தித் தேய்ப்பது அவள் வேலை. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் உள்ள எங்கள் பர்ஸ்லெமில் தன்னைப்போல் தேய்க்க ஆளில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். உண்மை என்பதால் யாரும் மறுத்ததில்லை.

எழுத்தைச் சொல்லிக்கொடுத்தது மெதடிஸ்ட் கோயிலின் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி. அங்கேயே பதினான்கு வயதில், மதுவைத் தொடமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டாள். படிப்பையும் விடவில்லை, சத்தியத்தையும் விடவில்லை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கு, “குடிக்காதவனா ஒருத்தனைக் காட்டு, நாளைக்கே பண்ணிக்கறேன்” என்பாள். எங்கள் ஊரில் அது நடக்கிற காரியமா?

ஆக்ஸ்ஃபோர்டில் பெரிய அகராதி ஒன்று தயாராகிறது, வாசிக்கத் தெரிந்த எவரும் உதவலாம் என்று பத்திரிகையில் வேண்டுகோள் வந்தது. படிக்கிற புத்தகத்தில் ஒரு சொல் எப்படி வருகிறது என்று துண்டுத்தாளில் எழுதி, நூலின் பெயர், ஆண்டு, பக்கத்தோடு அனுப்பவேண்டும். கூலி கிடையாது. கெஸியா ஆறு வருடத்தில் இரண்டாயிரம் துண்டு அனுப்பினாள்.

1885ஆம் வருடக் கோடையில், அங்கே துணை ஆசிரியராக இருந்த விட்லாக் என்பவர் ‘பேங்க்’ என்ற சொல்லுக்கு அதுவரை சேர்ந்த பொருள்களைப் பட்டியலிட்டு அனுப்பினார். விட்டுப்போனது உண்டா என்று கேட்டிருந்தார். சாப்பாட்டு வேளையில் ஓட்ஸ் ரொட்டியைக் கடித்தபடி கெஸியா அதைச் சத்தமாகப் படித்தாள். ஆதியில் வடக்கத்தி மக்கள் மண்மேட்டுக்கு வைத்த பெயராம். ஆற்றங்கரையும் மேகத்திரளும் அதன் வழி வந்தவை. அதே வேரில் பிறந்த பெஞ்சை இத்தாலிக்காரன் தெருவில் போட்டு அதன்மேல் காசு மாற்றினான். அந்தப் பெஞ்சுதான் வளர்ந்து இன்று தூணும் கம்பிக்கூண்டுமாக நிற்கிற பணக்கடை. கப்பலில் துடுப்புப் போடுகிறவர்கள் உட்காரும் பலகைக்கும் அதே பெயர். சுரங்க வாயிலில் நிலக்கரி கொட்டும் மேட்டுக்கும் அதே.

“எல்லாம் சரிக்கா, நம்ம பேங்க் எங்க?” என்றாள் பக்கத்தில் தாள் வெட்டுகிற லெட்டி.

அது இல்லை. எங்கள் ஊரில் பேங்க் என்றால் மண்பாண்டம் செய்கிற தொழிற்சாலை. காலை ஆறு மணிக்குப் பாதி ஊர் பேங்குக்குப் போகும், மாலையில் பேங்கிலிருந்து திரும்பும். அதை விட்டுவிட்டு ஒரு அகராதியா?

அந்த நேரம் பார்த்து அலுவலக எழுத்தர் ஹல்ம் உள்ளே வந்தார். லிவர்பூலில் படித்தவர், வெள்ளைக் காலர் போட்டவர். “அது அர்த்தம் இல்லம்மா, அறியாமை,” என்றார். “படிச்சவங்க ஃபேக்டரின்னு சொல்லுவாங்க. பேங்க்னா பணம் இருக்கற இடம். உங்க மடியில என்ன இருக்கு? சேறுதானே?”

சிலர் சிரித்தார்கள். கெஸியா சிரிக்கவில்லை. அன்று மாலையே விட்லாக்குக்கு எழுதினாள். பதில் மரியாதையாகத்தான் வந்தது. பேச்சில் இருந்தால் மட்டும் போதாது. எழுத்தில், தேதியோடு வேண்டும். பழையதாக இருந்தால் நல்லது. நவம்பர் கடைசியில் அச்சுக்கோர்ப்பு முடிந்துவிடும், பிறகு எதையும் சேர்க்க இயலாது.

கெஸியா தேடினாள். பயணக் கட்டுரை, பிரசங்கம், நீதிமன்றப் பதிவு எதையும் விடவில்லை. புத்தகம் எழுதுகிறவன் எவனும் எங்கள் பேங்குக்குள் வந்ததில்லை, வந்தவன் எவனும் புத்தகம் எழுதவில்லை. அக்டோபர் போயிற்று. ஹல்ம் தினமும் வாசலில் நின்று, “பணம் எடுக்கப் போறீங்களாம்மா?” என்று கேட்பார். அவள் தூரிகையை இன்னும் அழுத்தித் தேய்ப்பாள். நாற்பது வருடம் உழைத்த இடத்துக்குப் பெயரே இல்லை என்கிறானே!

நவம்பர் பாதியில், சூளையில் சாமான் அடுக்குகிற ஈனோக் மேச்சின் அவள் பெஞ்சருகே வந்து தலையைச் சொறிந்தான்.

“கெஸியாக்கா, ‘நரியும் வாத்தும்’னு பேர் போட்ட சாராயக்கடையில ஒரு ஏமாத்துக் கூஜா இருக்குல்ல? ஒருநாள் கழுவறப்ப பாத்தேன். அடியில எழுத்து கீறியிருக்கு. கடைக்காரன் டாம்ஸு ‘ஏதோ பேங்காம்’னு படிச்சான்.”

“வருஷம் இருக்கா?”

“எனக்குப் படிக்கத் தெரிஞ்சா நான் ஏன் சூளைல வேகறேன்?”

இடமோ சாராயக்கடை. வாசற்படியை மிதித்தாலே கோயிலில் உறுப்பினர் சீட்டைப் பிடுங்கிவிடுவார்கள். கெஸியா இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் நண்பகல் சங்கு ஊதியதும் தேநீர்த் தூக்கை எடுத்துக்கொண்டு நேரே நடந்தாள். பின்னால் லெட்டி, ஈனோக், தேய்க்கிற பெண்கள் பதினொரு பேர். வேடிக்கை பார்க்க ஹல்மும் வந்தார்.

ரால்ஃப் டாம்ஸ் கூஜாவை மார்போடு அணைத்துக்கொண்டார். “கோயில்காரங்க கைல தரமாட்டேன். உடைக்கத்தானே வந்தீங்க?”

“படிக்க வந்தேன், ரால்ஃப்.”

“இந்தக் கூஜாவுக்குன்னு சட்டம் இருக்கு. சிந்தாமக் குடிச்சவங்கதான் கவிழ்த்துப் பாக்கலாம். இதுவரைக்கும் ஒருத்தனும் குடிச்சதில்ல.”

“என்ன ஊத்திக் குடிக்கணும்னு சட்டத்துல இருக்கா?”

டாம்ஸ் யோசித்தார். இல்லை. கெஸியா தன் தூக்கிலிருந்த ஆறிய தேநீரைக் கூஜாவில் ஊற்றினாள்.

கழுத்து முழுக்கப் பூவேலை போல ஓட்டை போட்ட கூஜா அது. சாய்த்தால் மார்பில் கொட்டும். விளிம்பில் மூன்று மூக்கு; இரண்டை மூடி மூன்றாவதில் உறிஞ்சவேண்டும். கைப்பிடிக்கு அடியில் ஒரு கள்ள ஓட்டை இருப்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் எல்லோரும் காற்றைத்தான் உறிஞ்சினார்கள். ஆகவே இன்னொன்று இருக்கவேண்டும். கெஸியா கண்ணை மூடி, ஒவ்வொரு தட்டையும் வாங்கும்போது தடவுவதுபோல் கூஜாவைத் தடவினாள். மெருகில் ஊசிமுனை அளவு குறை இருந்தாலும் பிடிக்கிற விரல். விளிம்புக்குக் கீழே, ஒரு பூவிதழின் மறைவில், அது அகப்பட்டது.

“அட கள்ளப்பயலே,” என்றாள், கூஜாவைச் செய்தவனைப் பார்த்துச் சொல்வதுபோல.

இரண்டு மூக்கையும் இரண்டு கள்ள ஓட்டையையும் விரல்களால் அடைத்து உறிஞ்சினாள். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, மேலாடையை விரித்துக் காட்டினாள். ஒரு துளி இல்லை. ஈனோக் கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

கூஜா கவிழ்ந்தது. சுடுவதற்கு முன் ஆணியால் கீறிய எழுத்து: “நாதன் பூட், மலைத்தெரு பேங்கில், என் கையால் செய்தது. 1739.”

கெஸியா இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை படிக்க முடியாமல் கண் நிறைந்தது. பிறகு மடியிலிருந்து படம் அச்சிடாத தாளும் நீலச்சாயமும் தூரிகையும் எடுத்து, அடிப்பாகத்தில் தாளைப் பரப்பி, நீலத்தைத் தடவித் தேய்த்தாள். நூற்று நாற்பத்தாறு வருடத்து எழுத்து தாளில் பளிச்சென்று எழுந்தது. அதை அன்றைய தபாலிலேயே அனுப்பினாள். கோயிலில் விசாரித்தபோது, “குடிச்சேன். என் தேத்தண்ணியத்தான் குடிச்சேன். பாவம்னா எழுதிக்கோங்க” என்றாள். சீட்டைப் பிடுங்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அகராதியின் அந்தப் பகுதி அச்சாகி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வந்த நாளில் சாமான் கட்டுகிற கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். கெஸியா புத்தகத்தைத் திறக்கவில்லை. நேராக ஹல்மிடம் நீட்டினாள்.

“நீங்கதானே சார் படிச்சவரு. படிங்க.”

ஹல்ம் கரையைப் படித்தார், மேகத்தைப் படித்தார், இத்தாலிக்காரனின் பெஞ்சைப் படித்தார். அடுத்த வரியில் குரல் இறங்கியது.

“சத்தமா, சார்!” என்றாள் லெட்டி.

“ஸ்டாஃபோர்ட்ஷயர் வழக்கில், மண்பாண்டத் தொழிற்சாலை. 1739, கூஜாவின் அடியெழுத்து: நாதன் பூட், மலைத்தெரு பேங்கில்...”

முடிக்க விட்டால்தானே! பெண்கள் பெஞ்சுகளைத் தட்டிய தட்டில் தட்டுகள் குலுங்கின. ஈனோக் தொப்பியைக் கூரைக்கு எறிந்தான். கெஸியாவின் பெயர் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை, அதை அவள் தேடவும் இல்லை. ஆணியால் கீறிவிட்டுப் போன நாதன் பூட்டின் பெயர் இருந்தது.

சத்தம் அடங்கக் காத்திருந்து அவள் கேட்டாள்: “நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு எங்க சார் வரணும்?”

ஹல்ம் காலரைத் தளர்த்திக்கொண்டார். நூறு பேர் அவர் வாயைப் பார்த்தார்கள்.

“பேங்குக்கு,” என்றார்.