சந்தனம் பூசிய வானப் பெட்டி

பனி ஈரம் காயாத அந்த வெள்ளைப் பெட்டி, கையில் எடுத்தபோது சில்லென்றும், ஊதினால் பறந்துவிடும் போல லேசாகவும் இருந்தது. பாடாங் மேஹா பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், பள்ளி விடுமுறையில் அம்மாவோடு, கோப்பையில் உறைந்து கிடக்கும் "கட்டிப்பால்" பொறுக்கப் போன ஒன்பது வயதுக்காரி நான். "கித்தா" என்கிற ரப்பர் மரங்களுக்கிடையே நூலும் கிழிந்த வெள்ளைத் தோலுமாகக் கிடந்ததைப் புதையல் கண்டவள்போல மார்போடு அணைத்துத் தூக்கிவந்தேன்.

பழைய விண்வெளி நிலையம் ஒன்று கீழே விழப்போகிறது என்று அந்த வாரம் முழுக்க ரேடியோ சொல்லிக்கொண்டிருந்ததால், "லயத்து" வரிசை வீட்டுச் சனத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வானத்திலிருந்து வந்தது காலில் படக்கூடாதென்று முனியாண்டி கோயில் மரத்தடியில் வைத்து, பூசாரி கையால் மஞ்சளும் சந்தனமும் அப்பிச் சூடம் காட்டினார்கள். அதோடு விட்டார்களா? அதில் விஷம் இருக்கும், தொட்டவர் பிழைப்பது கஷ்டம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பூசாரியைச் சாமி காப்பாற்றும் என்று முடிவானது. மாட்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான்.

"புள்ளைய வெளிய விடாதலா, எங்க வீட்டுலயும் புள்ளைங்க இருக்குல்ல" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. சாகப்போகிறேன் என்று நிஜமாகவே நம்பி அழுதேன். அம்மா என்னை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, ஒரே தட்டில் சோறு பிசைந்து, எனக்கொரு வாய் தனக்கொரு வாய் என்று ஊட்டினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை பார்த்த எதிர்வீட்டுச் செல்வி அக்கா, ஷிப்ட் முடிந்து வந்தவள், பெட்டியைத் தூக்கிச் சந்தனத்தைத் துடைத்தாள். பக்கவாட்டில் மலாயில் எழுதியிருந்தது: வானிலைக் கருவி, ஆபத்தில்லை. என் உயிரைக் காக்கும் வரியின் மேலேயே ஊர்கூடிச் சந்தனம் அப்பியிருந்தது! மலாய் படிக்கத் தெரிந்த நானும் தூக்கிவந்த குஷியில் அதைக் கவனிக்கவில்லை.

"விண்வெளியிலேர்ந்து வுழுந்திருந்தா, வர்ற வேகத்துல சூடேறி கருகியிருக்கும்லா. இது பெலூன்ல போனதுண்ணே. காத்து இருக்கிற வரைக்கும்தான் பெலூன் ஏறும், அதுக்கு மேல ராக்கெட்டுதான்" என்றாள் என் அப்பாவிடம்.

காற்றே இல்லாத இடத்தில் ராக்கெட் மட்டும் எப்படிப் போகும் என்று அப்பா மடக்கினார். "பொகைய பின்னால வேகமா தள்ளுது, அது முன்னால போவுது. காத்தே வேணாம்" என்றாள்.

பால்வெட்டுக்காரரான அப்பா, பெலூனின் கிழிந்த தோலை இழுத்துப் பார்த்தார், முகர்ந்தார். "அட, இது நம்ம கித்தாப் பாலுலா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்தது.

இன்று அங்கே லயமுமில்லை, கித்தாவுமில்லை, எல்லாம் எண்ணெய்க்கான செம்பனை. போன வாரம் ஒரு சாயங்காலம், கூலிம் வீட்டு வாசலில் நின்று, தலைக்கு மேலே விண்வெளி நிலையம் கடந்துபோவதை அம்மாவுக்குக் காட்டினேன். எப்படி விழாமல் போகிறது என்றாள். விழுந்துகொண்டேதான் இருக்கிறது, ஆனால் போகிற வேகத்தில் பூமியும் வளைந்துகொண்டே போவதால் தரைக்கு வந்து சேர்வதில்லை என்றேன். பேச்சு பழைய பெட்டிக்குப் போனது. விஷமென்று நீயும் நம்பினாய்தானே, பிறகு ஏன் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

"நம்புனேன்தான்லா" என்றாள் அம்மா. "ஒன்ன மட்டும் தனியா அனுப்ப முடியுமா?"