ஐந்து அம்பியர், பத்து மணி நேரம்

என் போன் நூறு வீதம் என்று காட்டும்; பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் செத்துப்போகும். "ஒங்ககிட்ட வந்த பெட்டரி வேற எப்பிடி இருக்கும்?" என்கிறாள் மனைவி. சொல்லட்டும். நான் ஒரு காலத்தில் பெட்டரி சார்ஜ் செய்யும் கடையில் வேலை பார்த்தவன்.

அந்தக் கடையின் அசிட் நெடி இப்போதும் மூக்கில் நிற்கிறது. என் காற்சட்டை ஓட்டைகளெல்லாம் அசிட் போட்டவைதாம். பன்வில, ஹுன்னஸ்கிரியப் பக்கம் கரண்ட் இல்லாத தேயிலைத் தோட்ட லயங்களிலிருந்து கார் பெட்டரிகளைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவருவார்கள். எல்லாம் டீவி பார்க்கத்தான்.

கூட வேலை செய்த மடவளை நஸார், சார்ஜ் ஏறிய பெட்டரியைக் கொஞ்ச நேரம் சும்மா வைத்திருப்பான். பிறகு லொறி ஹெட்லைட் பல்ப் ஒன்றைக் கொழுவி, எவ்வளவு நேரம் மங்காமல் எரிகிறதென்று பார்த்துத்தான் கொடுப்பான். எனக்கோ புது டிஜிட்டல் மீட்டர் வாங்கிய திமிர். கணக்கும் தெரியுமே! ஐந்து அம்பியர், பத்து மணி நேரம், ஆக ஐம்பது. உள்ளே போனது ஐம்பதென்றால் வெளியே வருவதும் ஐம்பது. கிழட்டுப் பெட்டரி வாங்கியதில் பாதியைச் சூடாகவும் குமிழியாகவும் ஊதித் தள்ளிவிடும் என்பதோ, சார்ஜரிலிருந்து கழற்றிய கையோடு அளந்தால் எந்தப் பெட்டரியும் மீட்டரில் நிமிர்ந்து நிற்கும் என்பதோ இந்த மேதைக்குத் தெரியாது.

ஹுன்னஸ்கிரிய செல்லம்மா அக்கா தன் பெட்டரியை எடுக்க வந்தார். கண்டியில் தங்கிப் படிக்கும் மகள் அன்று மாலை டீவியில் பாடப்போகிறாளாம். அந்த லயத்துக்கே அவர் வீட்டு டீவி ஒன்றுதான்.

"பல்ப ஒருக்கா கொழுவிப் பாரேன்" என்றான் நஸார்.

"அதுக்குள்ள அக்காவுக்கு பஸ் போயிரும்" என்று மீட்டரை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "பாருங்கக்கா, ஃபுல்!"

மறுவாரம் அதே பெட்டரியோடு வந்தார்.

"தம்பி, லயமே எங்க வீட்லதான் இருந்துச்சு. புள்ள பேரச் சொன்னாங்க. அவ வந்து நிக்கவும் படம் சுருங்கி அணைஞ்சிருச்சு."

நல்ல ஏச்சு விழும் என்று நின்றேன். அவர் ஏசவில்லை.

"ஒங்க பக்கம் கரண்ட் இருக்குமே. நீங்க பாத்தீங்களா? எப்பிடி இருந்தா?"

நான் பார்க்கவில்லை. அந்த மாலை மீட்டரைத் துடைத்துக்கொண்டு இருந்திருப்பேன். "பாத்தேன்க்கா. வெள்ள யூனிபோம்ல நின்னா. கொஞ்சங்கூடப் பயப்படாமப் பாடுனா" என்றேன். அக்காவின் முகம் மலர்ந்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கடை போய்விட்டது. லயங்களுக்குக் கரண்ட் வந்து வெகு காலமாகிறது. அந்த நிகழ்ச்சியைப் போனில் எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டேன், எங்கேயும் இல்லை. அக்காவும் போய்விட்டார். மகள் டீவியில் பாடிய அழகை அவர் கடைசிவரை லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம், நான் பார்க்காமல் சொன்ன அதே வார்த்தைகளில்.