பின் சீட்டைக் கழற்றியவள்

என் அக்காவுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் கடுகு. ஆள் குள்ளம், வாய் காரம். மோதி நசுங்கிய கார்களைப் பார்த்து, எங்கே அடி, எவ்வளவு அடி என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது அவள் வேலை. விரல் முட்டியால் தகரத்தைத் தட்டுவாள். கணீரென்று கேட்டால் நல்ல தகரம். மொத்தென்று கேட்டால் நசுங்கிய இடத்தில் பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்து ஏமாற்றியிருக்கிறார்கள். பதினெட்டு வருஷம் பொய்யைத் தட்டித் தட்டி அவள் முட்டியே காய்த்துவிட்டது. இடது காலை விந்தி நடப்பாள். சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்தாள் என்பது எங்கள் வீட்டுக் கதை.

அண்ணன் அவளுக்கு அடுத்தவன், எனக்கு மூத்தவன். அப்பா விட்டுப்போன பழைய பிரெஞ்சுக் காரைக் கட்டிய மனைவியைவிட நன்றாகக் கவனித்துக்கொள்கிறான். சுருட்டி வைக்கும் துணிக்கூரை, தவளைக் கண் விளக்குகள், டாஷ்போர்டிலிருந்து குடைக் கைப்பிடிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் கியர். பார்க்க அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதே கம்பெனியின் புதுக் காரை என் வீட்டுக்காரர் வாங்கியபோது அண்ணன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"இது காரா? வீங்கின செருப்பு. பெல்ட் போடலன்னா கத்துது, கோட்டைத் தாண்டினா கத்துது, மாமியார் மாதிரி. என் கார்ல பின் சீட்டை ஒரே நிமிஷத்துல கையாலயே கழட்டி, மரத்தடியில போட்டு உட்காரலாம். இதுல முடியுமா?"

வீட்டுக்காரர் சிரித்து மழுப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்குப் பெண் பிறந்தாள். வீடு திரும்பும் நாளில் ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் அந்தக் காரோடு நிற்கிறான். பின்னால் அவனுடைய பழைய கார் சங்கத்து ஆட்கள், ஐந்து கார்கள், கேமரா வேறு. தாய்மாமன் காரில்தான் குழந்தை வீடு போகுமாம். யாரைக் கேட்டு முடிவு செய்தான்? பெற்றவள் நான் மடியில் குழந்தையோடு சக்கர நாற்காலியில் பொம்மை மாதிரி இருக்கிறேன்.

"பின்னாடி பெல்ட் இல்லையேண்ணா."

"அந்தக் காலத்துல யாரு பெல்ட் போட்டா? நாங்கல்லாம் இதுலதான் வளர்ந்தோம். எங்களுக்கு என்ன ஆச்சு?"

புதுக் காரில் குழந்தைக்கான சீட்டைப் பூட்டி வைத்திருந்த என் வீட்டுக்காரர், சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் அக்கா வேலையிலிருந்து நேராக வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். நேரே போய்ப் பழைய காரின் பின் கதவைத் திறந்து, சீட்டை இரண்டு கையாலும் உலுக்கித் தூக்கி வெளியே இழுத்தாள். வாசலுக்கு நடுவில் போட்டு, விந்தும் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். அண்ணன் சொன்னது சரிதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"பைத்தியமா உனக்கு? எழுந்திரு! நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்காதே!"

"கார்ல முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவுல இருக்கிற தகரத் தூணைத் தட்டு."

"எதுக்கு?"

"தட்டுடா!"

தட்டினான். மேலே கணீர். கொஞ்சம் கீழே மொத்.

"பட்டி. அப்பா பூச வெச்சது," என்றாள் அக்கா. "எனக்கு ஒன்பது வயசு, உனக்கு மூணு. பின் சீட்டுல என் மடியில இருந்தே. முன்னாடி போன லாரி நின்னுச்சு, அப்பா நிறுத்தல. ரெண்டு பேரும் பறந்தோம். என் கால் அந்தத் தூண்ல போய் மோதிச்சு, நீ என் மேல விழுந்தே. காரை நாலு நாள்ல நிமிர்த்திட்டாங்க. கேக்கறவங்ககிட்ட மாடிப்படின்னு சொல்லச் சொன்னாரு அப்பா. என்ன ஆச்சுன்னா கேக்குறே? உனக்கு ஒண்ணும் ஆகலடா. உனக்கு அடியில நான் இருந்தேன்."

சங்கத்து ஆட்கள் கேமராவை இறக்கினார்கள். எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. செத்துப்போனவரை யார் போய்க் கேட்பது?

குழந்தையைப் புதுக் காரின் குழந்தை சீட்டில் வைத்துப் பட்டையைப் பூட்டினோம். பக்கத்தில் உட்கார்ந்த அக்கா பட்டையை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். "இதுவும் வீங்கின செருப்புதான், அவன் சொன்னதுல தப்பில்ல," என்று முணுமுணுத்தாள். கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்.

"சீட்டை எடுத்து உள்ள போட்டுக்கோ. அதுல யாரையும் உட்கார வைக்காதே."

சீட்டு வாசலிலேயே கிடந்தது. அண்ணன் விரலை மடக்கி அந்த ஒரே இடத்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.